பழைய பெல்லட் அடுப்பு வாங்கலாமா? அல்வா பட்டறைக்கு, அம்பாசமுத்திரம் பக்கம்

தாமிரபரணிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதுதேன். வீட்டு புறவாசல்ல சின்னதா அல்வா பட்டறை வச்சிருக்கோம், அம்மா, நான், எம் பொண்டாட்டி மூணு பேருதான் ஆளு. தெனம் ஒரு சட்டி, தீவாளி பொங்கலுக்கு ரெண்டு மூணு சட்டி ஓடும். முன்னால விறகுதான், அம்மாவுக்கு மூச்சு எளைப்பு வந்த பொறவு 3 வருசமா கேஸுக்கு மாறிட்டோம். இப்பம் 19 கிலோ சிலிண்டர் 1,900 பக்கம் வருது, ஒரு சட்டி கிண்டி எறக்க 4 மணி நேரம் தீ நிக்கணும், சிலிண்டர் ஒண்ணு 5 நாளு தாங்குதே பெரிய பாடு. நெய் வெல ஏறினாலும் அல்வா வெலய நம்ம இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, அதனால எரிபொருள்லதான் மிச்சம் புடிக்கணும்னு நிக்கேன்.

டவுன் பக்கம் ஒரு மெஸ் மூடிட்டாவ. அங்க பெல்லட் அடுப்பு ஒண்ணு கெடக்கு, மரத்தூள அமுக்கி குச்சி குச்சியா செஞ்சத போட்டு எரிக்கது. ஒத்த பர்னர், கீழ காத்து ஊதுற ப்ளோயர் வச்சது, 9,500 கேக்காவ. வெளிய எஸ்.எஸ். (எவர்சில்வர்) தகடு பளபளன்னு இருக்கு. எனக்கு விறகும் தெரியும் கேஸும் தெரியும், பெல்லட் ஒரு எழவும் தெரியாது. பழசு வாங்கலாமா, வாங்கினா என்ன பாக்கணும், தெரிஞ்சவிய கொஞ்சம் சொல்லுங்க.

பேட்டை பட்டறை:

தம்பி, வெளி தகடு பளபளப்ப பாத்து ஏமாந்துராதீரும். அந்த தகடு 20 வருசம் கெடந்தாலும் அப்பிடியேதான் இருக்கும், அது தீயவே பாத்தது கெடையாது. அடுப்போட உசுரு உள்ள இருக்கு. கையில டார்ச், ஒரு சின்ன சுத்தியல், ஒரு காந்தம் எடுத்துட்டு போரும்.

மொதல்ல அடி கிரேட்ட, அதான் பெல்லட் கெடந்து எரியுற ஓட்டைத் தட்ட பாரும். வார்ப்பிரும்பு கிரேட்டா இருந்தா வெளிய எடுத்து தூக்கிப் புடிச்சு சுத்தியலால லேசா தட்டும். கணீர்னு மணி மாதிரி கேட்டா நல்லா இருக்கு. டொக்குன்னு செத்த சத்தம் வந்தா எங்கனயோ வெடிச்சிருக்கு, கண்ணுக்கு தெரியாது, நாலு நாள் தீயில ரெண்டா போயிரும். பொறவு மேல சுத்தி வாற ரிங்குல ஓட்டை ஓட்டையா இருக்கும்லா, அதுதான் ரெண்டாங் காத்து வாற வழி. கீழ வாற காத்து பெல்லட்ட சுட வச்சு புகையாக்கும், மேல ஓட்டையில வாற காத்துதான் அந்த புகைய எரிச்சு தீயாக்கும். மேல ஓட்டை அடஞ்சிருந்தா உமக்கு அடுப்பு கெடையாது, புகைக்கூண்டுதான். எத்தன ஓட்டை, எத்தன அடஞ்சிருக்குன்னு எண்ணிட்டு வாரும்.

உள் உருளைய காந்தம் வச்சு பாரும், 304, 310-ங்கிற நல்ல தர எஸ்.எஸ்ஸுன்னா காந்தம் ஒட்டாது. ஒட்டுச்சுன்னா அது எம்.எஸ்ஸாவோ (சாதா இரும்பு) மட்ட எஸ்.எஸ்ஸாவோ இருக்கும், விரலால அமுத்தி பாரும், செதில் செதிலா உதுந்தா பேசாம திரும்பி வந்துரும். ப்ளோயர ஓட விட்டு ரெகுலேட்டர பைய கொறச்சு பாரும், கொறஞ்ச வேகத்துல கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் போச்சு, அது 200, 300-க்குள்ள முடியுற சோலி, அத சாக்கா வச்சு வெலய கொறையும்.

தென்காசி சாரல்:

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா நான் ஒரு படி முன்னால போறேன். அடுப்ப பாக்கதுக்கு முன்னால பெல்லட்ட பாருங்க. உங்க ஊருக்கு மாசாமாசம் ஒரே தரத்துல யாரு கொண்டாந்து போடுவா, என்ன வெலைக்கு, அத முடிவு பண்ணாம அடுப்பு வாங்காதீங்க. நான் குத்தாலம் பக்கம் டிபன் கடை வச்சிருக்கேன், 4 வருசமா பெல்லட்டுதான், எனக்கு அடுப்பால வந்த தொல்லை கொஞ்சம், பெல்லட்டால வந்ததுதான் கொள்ள.

கணக்கு இப்பிடி போட்டுக்கோங்க. நல்ல மரத்தூள் பெல்லட் ஒரு கிலோவுல 4,000 கிலோகலோரிக்கு கொஞ்சம் மேல இருக்கும். கேஸு கிலோவுக்கு 11,000 பக்கம். ஆக ஒரு சிலிண்டர் சூட்டுக்கு காகிதத்துல 50 கிலோ சொச்சம் பெல்லட் போதும்னு வரும், ஆனா கேஸ் அளவுக்கு இதுல சூடு சட்டியில போய் சேராது, பத்த வைக்கது அணைக்கதுல கொஞ்சம் போவும், அதனால 70 கிலோன்னு வச்சுக்கிட்டாத்தான் ஏமாற மாட்டீங்க. எனக்கு கடையில எறக்கி கிலோ 14. எழுபது பதினாலு 980. சிலிண்டருக்கு 900 ரூவா மிச்சம், அதுல கரண்ட், சாம்பல் அள்ளுற சோலி எல்லாத்தையும் கழிச்சுக்கோங்க.

எங்க பக்கம் செங்கோட்டை வரைக்கும் மர அறுவை மில்லு நெறய, தூளுக்கு பஞ்சமில்ல. ஆனா இப்பம் போட்டியும் ஜாஸ்தி. 2021-ல அனல்மின் நிலையத்துல நிலக்கரியோட 5 சதம் பெல்லட் கலக்கணும்னு மத்திய மின்துறை சொன்ன பொறவு டன் கணக்குல கேக்குறவனுக்குத்தான் மில்லுக்காரரு மொத மரியாத குடுக்காரு, 10 மூட்டை கேக்குற நம்மள மாதிரி ஆளு வரிசையில நிக்கணும். அதனாலதான் சொல்லுதேன், ஆளப் புடிச்சிட்டு அடுப்ப புடிங்க.

தரம் பாக்க மிசினு ஒண்ணும் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து நாலு பெல்லட்ட போடுங்க, நல்லா அமுக்குன பெல்லட் கல்லு மாதிரி அடியில போயி உக்காரும், மட்டம் மெதக்கும். கையில ஒடச்சா டக்குன்னு ஒடயணும், பிஸ்கட் மாதிரி பொடிஞ்சா ஈரம். மூட்டைய கவுத்துனா அடியில ரெண்டு கைப்பிடிக்கு மேல தூள் இருக்கக்கூடாது.

தாமிரபரணிக்காரன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சுத்தியலோட போனேன், மெஸ்காரர் ஒரு மாதிரி பாத்தாரு, இருந்தாலும் தட்டிட்டேன்.

கிரேட்டு டொக்குன்னுதான் கேட்டுச்சு. வெளிச்சத்துல புடிச்சு பாத்தா நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கோடு, ஒரு ஓட்டையில ஆரம்பிச்சு அடுத்த ஓட்டை வரைக்கும். மேல ரிங்குல 24 ஓட்டை, எண்ணிட்டேன், அதுல 11 சுத்தமா அடஞ்சு போய் பாறை மாதிரி இருக்கு. உருளையில காந்தம் ஒட்டல, அமுத்துனா கெட்டியா இருக்கு. உள் சுவத்துல பூசின ஃபயர் சிமெண்டு ஒரு பக்கம் பேந்து தகடு தெரியுது. ப்ளோயர் ஓடுது, கொறச்சா கரகரப்பு. சாம்பல் கதவு சரியா மூடல.

இத்தனையும் ஒவ்வொண்ணா எடுத்து சொன்னதும் 9,500 7,000-க்கு வந்துட்டு. வாங்கிட்டேன், லோடு ஆட்டோ 900. தென்காசிக்காரரே, உங்க சொல்ல தட்டல, அதுக்கு முன்னாடியே இங்கன கிட்டத்துல ஒரு ஏவாரிகிட்ட பெல்லட் பேசிட்டேன், கிலோ 11-க்கு தாரேன்னாரு. இப்பம் அடுப்பு தார்சாவுல ஒக்காந்திருக்கு, அம்மா சுத்தி சுத்தி வந்து பாக்காவ.

பேட்டை பட்டறை:

7,000 மோசமில்ல. இனிமே வரிசையா போவோம்.

கிரேட்டு வெல்டு வைக்கலாமான்னு கேப்பீரு, வேண்டாம். வார்ப்பிரும்பு வெல்டு தீயில நிக்காது, ரெண்டு வாரத்துல அதே எடத்துல விடும். பழச அச்சா வச்சு கோயம்புத்தூர்ல புதுசு வார்க்கலாம், இல்லன்னா லேத்துல 10 மில்லி தடிமன் தகட்ட வட்டமா வெட்டி அதே கணக்குக்கு ஓட்டை போடலாம். தகடு கொஞ்ச காலத்துல வளையும், ஆனா மாத்த சல்லிசு. ஒண்ணு மட்டும் கவனம், ஓட்டைய பெருசாக்கிராதீரும். பெருசா போட்டா காத்து நல்லா வரும்னு எல்லாரும் நெனைக்காவ, பெல்லட் பொடி கீழ எறங்கி ப்ளோயர் வாயில போய் நிக்கும், காத்தும் மேல ரிங்குக்கு போகாம கீழயே போயிரும், அடுப்பு கொல்லன் உலை மாதிரி உறுமும் ஆனா புகையும்.

ரிங்கு ஓட்டைய ஆணி வச்சு குத்தி ஒடைக்காதீரும், விளிம்பு பேந்துரும். அதே சைஸ் டிரில் பிட்ட கையில புடிச்சு திருகி திருகி எடும். ஃபயர் சிமெண்டு பேந்த எடத்த கம்பி பிரஷ் போட்டு தேச்சு, தண்ணி தெளிச்சு, காஸ்டபிள்ங்கிற தீ தாங்குற சிமெண்டு பூசி 24 மணி நேரம் விடும். பொறவு மொத நாள் நாலு தேங்கா செரட்டை தீ, ரெண்டாம் நாள் கொஞ்சம் கூட, மூணாம் நாள்தான் முழுத் தீ. அவசரப்பட்டீருன்னா உள்ள இருக்க ஈரம் ஆவியாகி பூச்ச வெடிக்க வச்சிரும். சாம்பல் கதவுக்கு சூடு தாங்குற செராமிக் கயிறு ஒட்டும், அதுல காத்து கள்ளத்தனமா நொழஞ்சா ரெகுலேட்டர் சொன்ன பேச்சு கேக்காது.

பாளை டூ பனிநாடு:

இந்த இழைய படிச்சதும் சந்தோசமா இருந்துச்சு, எனக்கு சொந்த ஊரு பாளையங்கோட்டை, இப்பம் அமெரிக்காவுல வெர்மான்ட்ல இருக்கேன், எங்க வீட்டுலயும் பழைய பெல்லட் அடுப்புதான், ஆனா அது வீட்ட சூடாக்க. அத பொறவு சொல்லுதேன்.

நம்ம ஊருக்கு பெல்லட் அடுப்பு புதுசு இல்ல. 2006-ல ஊர்ஜான்னு ஒரு சின்ன அடுப்பு வந்துச்சு ஞாபகம் இருக்கா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல உருவாக்குன டிசைன், பி.பி.ங்கிற எண்ணெய்க் கம்பெனி கொண்டாந்தது, தமிழ்நாட்டுலயும் வித்துச்சு, மொத்தத்துல 4 லட்சம் அடுப்பு பக்கம் போச்சு. பேட்டரில ஓடுற குட்டி ஃபேன், மேல பத்த வச்சா தீ கீழ நோக்கி எறங்கும், அண்ணாச்சி சொன்ன அதே ரெண்டு காத்து தத்துவம்தான். அடுப்பு அருமையான அடுப்பு. விவசாயக் கழிவு வெல ஏற ஏற பெல்லட் வெல ஏறுச்சு, வீட்டுக்காரங்களுக்கு கட்டுபடியாகல, அதோட அது வீட்டு அடுப்பா நிக்காம ஹோட்டல் பக்கம் திரும்பிருச்சு. தென்காசிக்காரர் பெல்லட்ட மொதல்ல பாருன்னு சொல்லுதாருல்லா, அதுக்கு இத விட பெரிய சாட்சி வேண்டாம்.

கல்லிடை அப்பளம்:

தம்பி, நான் கல்லிடைக்குறிச்சி, வீட்டுல அப்பளம் போடுதோம். ஒரு விசயம் யாருமே சொல்லலயேன்னுதான் எழுதுதேன், இந்த அடுப்ப நாலு சுவத்துக்குள்ள வைக்காதீங்க, அப்பிடி வச்சாலும் புகைபோக்கி இல்லாம வைக்காதீங்க. எங்க வீட்டுலயும் சின்ன பெல்லட் அடுப்பு ஒண்ணு இருந்துச்சு, மாசி மாசம் ராத்திரி சோலி முடிஞ்ச பொறவு தணல் வீணா போகுதேன்னு அடுக்களைக்குள்ள தூக்கி வச்சுட்டு கதவ சாத்திட்டு படுத்துட்டோம், தீ இல்ல, புகை இல்ல, செவசெவன்னு தணல் மட்டும்தான். எம் மக நடுச்சாமத்துல தல வலிக்குதும்மான்னு எந்திரிச்சவ நிக்க முடியாம அங்கணத்துக்கிட்ட விழுந்துட்டா. எனக்கும் தல கிறுகிறுன்னு வந்துச்சு. அவிய அப்பாதான் கதவ ஒடைக்காத குறையா தொறந்து எங்கள தூக்கி முத்தத்துல போட்டாவ. டாக்டர் கார்பன் மோனாக்சைடுன்னு சொன்னாவ, வாசம் கெடையாதாம், கண்ணுக்கும் தெரியாதாம், தீ எரியுறப்ப விட இப்பிடி தணலா கெடக்குறப்பதான் அது கூட வருமாம். அன்னையில இருந்து தணல வீட்டுக்குள்ள விடுறதில்ல, மண்ணு போட்டு மூடி வெளியதான். அம்மாவுக்கு மூச்சு எளைப்புன்னு வேற சொல்லுதீங்க, அதான் மனசு கேக்கல.

தாமிரபரணிக்காரன்:

அக்கா, படிச்சதும் நெஞ்சு பதறிட்டு. மக இப்பம் நல்லா இருக்காளா? நீங்க சொன்ன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், பட்டறையில 6 இஞ்சு ஜி.ஐ. குழாய் ஓட்டுக்கு மேல 3 அடி தூக்கி வச்சு, அடுப்புக்கு நேர் மேல தகட்டுல கூண்டும் அடிச்சாச்சு. வளைவு ஒண்ணே ஒண்ணுதான். மேல மழ எறங்காம தொப்பி.

மத்த வேலயும் முடிஞ்சுது. கிரேட்டு லேத்துல வெட்டுனது 1,400. பேரிங் ரெண்டும் கூலியோட 450. காஸ்டபிள், செராமிக் கயிறு 800. குழாயும் கூண்டும் 3,200, அதுதான் அடுப்பு ரிப்பேர விட கூட. ஓட்டை 11-யும் நானே ரெண்டு சாயங்காலம் உக்காந்து திருகி எடுத்தேன், உள்ள இருந்து பச்ச நெறத்துல கண்ணாடி மாதிரி கட்டி வந்துச்சு. ப்ளோயர் றெக்கையில எண்ணப்பிசுக்கும் சாம்பலும் சேந்து அரை இஞ்சுக்கு பூசியிருந்துது, மண்ணெண்ணெய் போட்டு கழுவுனதும் காத்து ரெண்டு மடங்கு வருது.

ஆனா இப்பம் பிரச்சன. நேத்து மொத முழுத் தீ போட்டோம். அர மணி நேரம் அருமையா எரிஞ்சுது. பொறவு பையப் பைய மஞ்சளாகி, செவப்பாகி, ஒரே புகை. ப்ளோயர முழுசா தொறந்தும் ஒண்ணும் ஆகல. ஆற வச்சு பாத்தா கிரேட்டு மேல தோச மாதிரி ஒரே கட்டி, கம்பியால குத்துனா அப்பிடியே வட்டமா பேந்து வருது. அந்த சட்டி பூரா புகை வாடை, அம்மா வாயில வச்சு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம சட்டிய எறக்கி வச்சுட்டாவ. 6 கிலோ நெய்யி போச்சு. அடுப்புல குத்தமா, என்ன குத்தம்?

தென்காசி சாரல்:

அடுப்புல குத்தமில்ல. அது பெல்லட்டு. 11 ரூவான்னு சொன்னப்பமே கேட்ருக்கணும் நான், மன்னிச்சுக்கோங்க.

மரத்தூள் பெல்லட்ல சாம்பல் 100 கிலோவுக்கு ஒரு கிலோ தேறாது. உமி கலந்தா அது 15, 20 கிலோ வரைக்கும் போவும். உமியில மணல் சத்து ஜாஸ்தி, கூட கடலத்தோடு, வைக்கோல்னு எதாவது சேந்தா அதுல உள்ள சாம்பல்சத்து சேந்து உருகி கண்ணாடி மாதிரி ஆறிரும். அதுதான் நீங்க பாத்த தோச. அது கிரேட்டு ஓட்டைய மூடுனா அடிக்காத்து நிக்கும், முழுசா தொறந்தா இன்னும் சூடாகி இன்னும் உருகும். உங்க ரிங்குல பச்சையா இருந்துச்சுன்னீங்களே, அந்த மெஸ்காரரும் இதே மாதிரி பெல்லட்டுதான் போட்ருக்காரு, அடுப்பு அவர கைவிட்டுச்சுன்னு நெனச்சு வித்துட்டாரு பாவம்.

மிச்ச மூட்டையில ஒரு கைப்பிடி எடுத்து பழைய தகரத்துல வச்சு வெளிய எரிச்சு பாருங்க. வெள்ள சாம்பல் ஊதுனா பறக்குற மாதிரி கொஞ்சமா மிஞ்சுனா மரத்தூள். பெல்லட் உருவம் மாறாம கருஞ்சாம்பலா அப்பிடியே நின்னா உமி. பிளைவுட் பசை கலந்திருந்தா மூக்குல காரமா ஏறும், அது சாப்பாட்டுக்கு ஆகவே ஆகாது. நல்ல மரத்தூள் பெல்லட்டுக்கு தனியா பசை வேண்டாம், அமுக்குற சூட்டுல மரத்துல உள்ள லிக்னினே இளகி புடிச்சுக்கிடும்.

தாமிரபரணிக்காரன்:

எரிச்சு பாத்தேன். உருவம் மாறாம கருப்பா நின்னுச்சு, ஒரு வரிசையா, சுட்ட புழு மாதிரி. ஏவாரிகிட்ட கேட்டா சுத்த மரத்தூள்னு சத்தியம் பண்ணுதாரு. 8 மூட்டை இருக்கு, திருப்பி எடுக்க மாட்டேங்காரு. அத வென்னி போடுற வெளியடுப்புக்கு ஒதுக்கிட்டு, நீங்க கைகாட்டுன மில்லுல இருந்து 14-க்கு 10 மூட்டை எறக்கிட்டேன்.

இன்னைக்கி காலையில 5 மணிக்கு பத்த வச்சோம். முக்கா கிரேட்டு அளவு பெல்லட், மேல பன ஓலையும் தேங்கா நாரும், அதுல தீ, ப்ளோயர் மட்டத்துல. 5 நிமிசம் வெள்ள புகை, பொறவு ஒரு எடத்துல குப்புன்னு ஒரு சத்தம், புகை அப்பிடியே காணாம போச்சு. குனிஞ்சு பாத்தா ரிங்குல 24 ஓட்டையிலயும் ஒவ்வொரு தீ நாக்கு, உள் பக்கமா சாஞ்சு, அடியில நீலமா, நுனியில மஞ்சளா, கார்த்திக விளக்கு வட்டமா வச்ச மாதிரி. அம்மாவ கூப்புட்டு காட்டுனேன், அவிய ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னாவ.

அல்வாவுக்கு சங்கதி கடைசி ஒரு மணி நேரத்துலதான் இருக்கு. சம்பா கோதும பால பாகுல ஊத்துன பொறவு மொதல்ல நல்ல தீ வேணும், கட்டி புடிக்காம துடுப்பு நிக்காம கிண்டணும், நெய்ய கொஞ்சங் கொஞ்சமா குடிக்க ஆரம்பிச்சதும் தீய எறக்கணும், கடைசியில சட்டி ஓரத்துல நெய் கக்கும்போது தீ இருக்கா இல்லயான்னு தெரியாத அளவுக்கு இருக்கணும். விறகுல அம்மா கட்டைய வெளிய இழுப்பாவ. கேஸுல திருகு. இதுல ப்ளோயர கொறச்சா போதும்னு நெனச்சேன், அது பத்தாது, பெல்லட் போடுறத முக்கா மணி நேரத்துக்கு முன்னாலயே நிப்பாட்டிரணும். உள்ள கெடக்குறது தணலாகி வரும், அந்த தணல் சூட்ட ப்ளோயர் கால் வேகத்துல வச்சா அல்வாவுக்குன்னே செஞ்ச தீ மாதிரி நிக்கி. அம்மா எனக்கு முன்னாலயே அத கண்டுபிடிச்சு "இனி போடாதல, இருக்கது போதும்"னு சொல்லிட்டாவ. எறக்குனதும் ஒரு விள்ளல் எடுத்து எலையில வச்சு வாயில போட்டாவ. வாடை இல்ல. 13 கிலோ பெல்லட் ஆச்சு ஒரு சட்டிக்கு, 182 ரூவா. கேஸுல 400 ஆகும்.

பேட்டை பட்டறை:

நல்ல சோலி பண்ணிருக்கீரு தம்பி. கரண்ட் போனா என்ன பண்ணுவீருன்னு யோசிச்சீரா? ப்ளோயர் நின்னா சூடு திரும்பி கீழ எறங்கும், ப்ளோயர் வாய் உருகும், புகையும் உள்ள அடிக்கும். ப்ளோயருக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒரு தள்ளு ஷட்டர் வச்சு, கரண்ட் போன நிமிசமே மூடிரணும். வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு லைன் இழுத்தீருன்னா இன்னும் நல்லது, அந்த ப்ளோயர் ஒரு பல்பு அளவுதான் இழுக்கும். தெனமும் ஆறுனதும் கிரேட்ட பிரஷ் போடும், வாரம் ஒருக்க ரிங்கு ஓட்டைய பாரும், மாசம் ஒருக்க றெக்கைய கழுவும். இத விடாம செஞ்சா இந்த அடுப்பு உம்ம மகன் காலத்துக்கும் கெடக்கும்.

நாலுமுக்கு மேகம்:

அண்ணாச்சிமாரே, உங்க பேச்ச மொத நாள்ல இருந்து படிச்சிட்டு வாரேன். எங்க குடும்பம் மாஞ்சோலைக்கு மேல நாலுமுக்கு எஸ்டேட்டு, நான் எறங்கி அம்பையில வேல பாக்கேன், அம்மா இன்னும் மேலதான் இருக்காவ, எறங்க மனசு வரல. மார்கழி தையில ராத்திரி குளிரு எலும்புல ஏறும், மழக்காலத்துல லைன் வீட்டு சுவரு தொட்டா தண்ணி ஒட்டும். புலிகள் காப்பகம்னால விறகு பொறுக்குறதும் முன்ன மாதிரி முடியாது. ராத்திரி இரும்பு சட்டியில தணல் போட்டு கட்டிலுக்கு கீழ வைக்காவ, கல்லிடை அக்கா எழுதினத படிச்ச அன்னைக்கே போன் போட்டு சண்ட புடிச்சு நிப்பாட்டிட்டேன். இப்பம் குளிருதுன்னு சொல்லுதாவ. இந்த மாதிரி பழைய பெல்லட் அடுப்பு ஒண்ணு வாங்கி ரூமுக்குள்ள வச்சா சூடாகுமா?

பாளை டூ பனிநாடு:

தம்பி, சமையல் பெல்லட் அடுப்ப ரூம் சூட்டுக்கு வைக்கவே வைக்காதீங்க. ரெண்டும் பேருலதான் ஒண்ணு.

வீட்டு சூட்டு அடுப்பு எப்பிடின்னு சொல்லுதேன், வித்தியாசம் புரியும். 1980-கள்ல போயிங்குல எஞ்சினியரா இருந்த ஜெர்ரி விட்ஃபீல்டு இத வீட்டுக்கு ஏத்த மாதிரி கொண்டாந்தாரு. மேல ஒரு தொட்டி, அதுல 18 கிலோ மூட்டைய கவுத்திரலாம். அடியில ஆகர்னு ஒரு திருகு, மோட்டாரு அத நிமிசத்துக்கு ஒண்ணு ரெண்டு சுத்துதான் சுத்தும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பிடி பெல்லட் தீக்கிண்ணத்துல விழும். தீ இருக்க அறை முழுக்க மூடுனது, கண்ணாடிக் கதவு, சுத்தி கயிறு. புகைய ஒரு ஃபேன் உறிஞ்சி ரெட்ட சுவர் குழாய் வழியா வெளிய தள்ளும். வீட்டுக்குள்ள வாற சூட்டுக்காத்து வேற ஃபேன், வேற வழி, அது தீய தொடவே தொடாது. உறிஞ்சுற காத்து அழுத்தம் கொறஞ்சா ஒரு ஸ்விட்சு ஆகர நிப்பாட்டிரும். இத்தனை காவல் இருக்கதாலதான் மைனஸ் 20-லயும் அத எரிய விட்டுட்டு தூங்க முடியுது. நான் பழசு வாங்கினப்ப மொதல்ல பாத்தது அந்தக் கதவு கயிறுதான், கதவுக்கு நடுவுல ஒரு ரூவா நோட்ட வச்சு மூடி இழுத்து பாக்கணும், வழுக்கிட்டு வந்தா கயிறு செத்துட்டு. உறிஞ்சுற ஃபேன் பேரிங், பத்த வைக்குற கம்பி, கயிறு, மூணையும் மாத்தி, குழாய்ல இருந்து ஒரு வாளி சாம்பல் எடுத்தேன். ஆடி மாசம் வாங்கினேன், குளிர் வந்தா வெல ஏறிரும்.

உங்க அம்மா வீட்டுக்கு இது வேண்டாம். பனி நாட்டு அளவுக்கு பண்ணுன அடுப்பு, உங்களுக்கு வேணும்னாலும் உதிரி சாமான் கெடைக்காது, கரண்ட் போனா நின்னுரும், நாலுமுக்கு மழையில பெல்லட் மூட்டை ஒரு வாரத்துல தவிடாயிரும். தமிழ்நாட்டுலயே மழ ஜாஸ்தி பெய்யுற எடத்துல ஒண்ணு அது.

கல்லிடை அப்பளம்:

தம்பி, எம் மாமியார் ஒண்ணு செய்வாவ. சமையல் முடிஞ்சதும் அடுப்பு பக்கத்துல ரெண்டு செங்கல்ல சுட வச்சு, பழைய சாக்குல ரெண்டு சுத்து சுத்தி, கால்மாட்டுல வச்சுக்கிடுவாவ. விடியுற வரைக்கும் கதகதன்னு இருக்கும். மருந்து கடையில வென்னி ஊத்துற ரப்பர் பையும் கெடைக்கும், மூடிய இறுக்கி, துணிய சுத்தி குடுங்க. அடுப்பு வெளிய இருக்கட்டும், சூடு மட்டும் உள்ள போகட்டும். செங்கல்ல ஈரம் இருக்கக்கூடாது, ஈரச் செங்கல் தீயில வெடிச்சிரும், மொதல்ல ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க, அங்க வெயில் இல்லன்னா கீழ காய வச்சு கொண்டு போங்க.

எம் மக நல்லா இருக்கா, அம்பை தம்பி கேட்டாவ. இந்த வருசம் 12-ஆம் வகுப்பு.

நாலுமுக்கு மேகம்:

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. அடுப்ப விட்டுட்டேன். ரப்பர் பை நேத்தே வாங்கிட்டேன். வென்னி போட மட்டும் அங்க என்ன பண்ணன்னு யோசிக்கேன், கேஸ் சிலிண்டர் மேல கொண்டு போறதே பெரிய பாடு.

தாமிரபரணிக்காரன்:

தம்பி, எங்கிட்ட அந்த உமி பெல்லட்டு மிச்சம் கெடக்கு. எனக்கு பட்டறைக்கு ஆகாது, ஆனா வெளிய, கல்லு கூட்டுன அடுப்புல சுள்ளியோட சேத்து போட்டா வென்னிக்கு நல்லா எரியுது, கட்டி புடிச்சா மறுநாள் தட்டி எடுத்தா போதும். காசு வேண்டாம். ரெண்டு பிளாஸ்டிக் டிரம்மும் தாரேன், மூடி இறுக்கமா உள்ளது, அதுல போட்டு வச்சா மழ ஈரம் ஏறாது. அம்மா உங்க அம்மாவுக்குன்னு அர கிலோ அல்வாவும் கட்டி வச்சிருக்காவ. ஞாயித்துக்கெழம மேல போற பஸ்ஸுக்கு அம்பை பஸ் ஸ்டாண்டுக்கு கொண்டு வாரேன், மணிமுத்தாறு செக்போஸ்ட்டுல கேட்டாவன்னா காட்ட என் நம்பர தனி மெசேஜ்ல அனுப்பிருக்கேன்.